இரவல் எழுத்தும் இயந்திர வண்டியும்

நமது பங்குப் பள்ளியில் ரோபோ மன்றம் தொடங்கிய நாள் முதலாகப் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கையில் ஒரு தந்தை அதனை வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். "சாமி, பிள்ளைகள் வண்டி செய்கிறார்கள், ஓட்டுகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு வேண்டிய நிரலில் பாதிக்கு மேல் யாரோ எழுதியதை இண்டர்நெட்டிலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்கிறார்களாமே! அது பரீட்சையில் காப்பி அடிப்பது போலாகாதா?"

கேள்வி நியாயமானது. அன்று நாம் அவருக்கு அளித்த விடையோ அரைகுறையானது. பின்னர் நம்மால் ஒரு பிழை நேர்ந்து, அதன் பழியை ஒரு சிறுவன் பல நாள் சுமந்த பிறகே இப்பொருளை நாம் ஒழுங்காகக் கற்றோம். ஆகவே அத்தந்தைக்குரிய விடையையும் அந்நிகழ்ச்சியையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பொருளை விளக்கிவிடுவோம். நம் மன்றத்துப் பிள்ளைகள் பயன்படுத்துவது ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்சுற்றுப் பலகை. உள்ளங்கையில் அடங்கிவிடும். நிரலைச் சேமிக்க அதில் உள்ள இடம் 32 கிலோபைட். ஓடும்போது நினைவில் வைத்துக்கொள்ள 2 கிலோபைட். இன்று ஒரு கைப்பேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம்கூட இதற்குள் அடங்காது. ஆயினும் மோட்டாரைச் சுழற்றவும், விளக்கை எரிக்கவும், எதிரே சுவர் இருக்கிறதா என்று அறியவும் இது போதும்.

இப்பலகை பிறந்த இடம் இத்தாலி நாட்டின் வடக்கே உள்ள இவ்ரேயா நகரம். அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஒன்றில் மாசிமோ பான்சியும் அவருடைய தோழர்களும், மின்னியல் படிக்காத மாணவரும் எளிதில் கையாளத்தக்கதாக இதனை 2005ஆம் ஆண்டு உருவாக்கினர். அவர்களும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை. அதே நிறுவனத்தில் பயின்ற கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாந்தோ பர்ரகான் 2003இல் தம் ஆய்வுக்காகச் செய்திருந்த 'வயரிங்' என்பதன்மேல்தான் இதைக் கட்டினர். ஆர்டுயினோ என்ற பெயர் அவ்வூரில் அவர்கள் கூடிப் பேசிய ஒரு மதுக்கடையின் பெயர். அக்கடைக்கோ 1002ஆம் ஆண்டு இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்துயின் என்பவனுடைய பெயர். அம்மன்னன் தன் இறுதிக்காலத்தில் படைக்கலங்களை விடுத்து ஃபுருத்துவாரியா துறவு மடத்தில் சேர்ந்து, 1015இல் அங்கேயே உயிர்நீத்தான். நம் பிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயரில் ஒரு துறவியும் ஒளிந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தந்தது. பிள்ளைகளோ இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டனர்.

இனி, இரவல் வாங்கும் எழுத்தைப் பற்றி. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் லைப்ரரி. நூலகம் என்று தமிழாக்கினால் புத்தக அடுக்குகளே கண்முன் வரும் என்பதால், பிள்ளைகள் சொல்கிறபடி லைப்ரரி என்றே நாமும் எழுதுவோம். ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்கான நிரலை ஒருவர் எழுதிச் சோதித்து, பிறரும் எடுத்தாளுமாறு கட்டி வைத்த மூட்டையே அது. ஆர்டுயினோவோடு வருவன சில. வெளியார் எழுதிப் பொதுவில் வைத்தன பல்லாயிரம்.

இம்மூட்டை எதற்கு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். நம் பிள்ளைகளின் வண்டி டெலிவிஷன் ரிமோட்டைப் போன்ற ஒரு சிறு ரிமோட்டின் சொற்படி நடப்பது. பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி வினாடிக்கு 38,000 முறை துடிக்கிறது. நம் ரிமோட் பின்பற்றும் முறையில், முதலில் 9 மில்லிவினாடித் துடிப்பு, அடுத்து நான்கரை மில்லிவினாடி மௌனம். அதன் பின் 32 குறிகள். ஒவ்வொரு குறியும் சுழியமா ஒன்றா என்பதைத் துடிப்புகளுக்கு இடையேயுள்ள மௌனத்தின் நீளம் சொல்லும். ஏறத்தாழ 560 மைக்ரோவினாடி என்றால் சுழியம். 1,690 என்றால் ஒன்று. வினாடியைப் பத்து லட்சமாகப் பகுத்து, அதில் சில நூறுகளை எண்ண வேண்டும் என்று பொருள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதை முதலிலிருந்து எழுதப் புகுந்தால் வண்டி நகருமுன் ஆண்டே முடிந்துவிடும்.

கென் ஷிரிஃப் என்னும் அமெரிக்கர் இந்த வேலையைச் செய்து, 2009இல் ஐ.ஆர்.ரிமோட் என்ற லைப்ரரியாக எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். பின்னர் வேறு சிலர் அதனை ஏற்றுப் பேணி வருகின்றனர். அவர்கள் நம் பள்ளியை அறியார். நம் பிள்ளைகளும் அவர்களைக் கண்டதில்லை. அவர்களுடைய உழைப்பைப் பெற்றுக்கொண்டு, எந்தப் பொத்தானுக்கு எந்தச் சக்கரம் சுழல வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாமே எழுதுகின்றனர். இது காப்பி அடிப்பதன்று. குருமடத்தில் நாம் விவிலியம் கற்றபோது எபிரேய அகராதியை நாமே தொகுக்கவில்லை. தொகுத்து வைத்தவர்களுடைய தோளில் ஏறி நின்றே வாசித்தோம். ஆனால் அகராதியைப் புரட்டத் தெரியாதவனுக்கு அகராதியால் பயனில்லை. யாருடைய உழைப்பு என்று பெயர் சொல்லாமல் அனைத்தும் தனதே என்பவனைப் பற்றி அத்தந்தை கொண்ட ஐயம் சரியே. எனவே இப்போது ஒவ்வொரு நிரலின் தலையிலும், எந்த லைப்ரரி, யார் எழுதியது என்று இரண்டு வரி எழுதுமாறு பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம்.

நிறுவும் முறை மிக எளிது. அந்த எளிமையே ஆபத்தாகவும் முடிகிறது. கணினியில் ஆர்டுயினோ மென்பொருளைத் திறந்தால் லைப்ரரி மேனேஜர் என்றொரு பகுதி உண்டு. வேண்டிய பெயரைத் தட்டினால் பட்டியல் வரும். நிறுவு என்னும் பொத்தானை அழுத்தினால் போதும். எந்தப் பதிப்பு வேண்டும் என்று அங்கேயே தெரிந்தெடுக்கலாம். பழையவையும் பட்டியலில் இருக்கும். யாரும் தெரிந்தெடுக்காவிட்டால் கடைசிப் பதிப்பே வந்து அமரும். இவ்வாறு வந்தவை எல்லாம் கணினியில் ஒரே அடைவில் தங்குகின்றன. அக்கணினியில் எழுதப்படும் எல்லா நிரல்களுக்கும் அந்த அடைவே பொது. இந்தக் கடைசி வாக்கியத்தின் பொருளை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம், வேறொரு பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு நம் பிள்ளைகள் அறுவர் வண்டியோடு செல்ல ஏற்பாடாகியிருந்தது. முந்தின நாள் மாலை, மன்றத்தின் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஒரு சிறுவன் பங்கு இல்லத்திற்கு வந்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவன், நம் பீடச் சிறுவன். வண்டியின் நிரலைப் பெரும்பாலும் எழுதியவன் அவனே. இண்டர்நெட் இணைப்பு பங்கு இல்லத்தில்தான் இருந்தது. விளக்க அட்டைக்கு ஒரு படம் எடுக்க வேண்டி வந்திருந்தான். கணினியைத் திறந்ததும் மூலையில் ஓர் அறிவிப்பு. சில லைப்ரரிகளுக்குப் புதிய பதிப்புகள் வந்துள்ளன, அனைத்தையும் நிறுவலாமா என்று கேட்டது. சிறுவன் நம்மைப் பார்த்தான்.

"சாமி, இதை என்ன செய்ய?"

"புதியது பழையதைவிட நல்லதாகத்தானே இருக்கும்? போட்டுவிடு தம்பி" என்றோம். ஞாயிறு மறையுரைக் குறிப்பிலிருந்து தலை நிமிராமலே சொன்னோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அன்றிரவு வண்டி நன்றாகவே ஓடியது. ஏனெனில் புதுப்பித்தது கணினியில் உள்ள லைப்ரரியை மட்டுமே. வண்டியிலிருந்த பலகையில் முன்பு ஏற்றிய பழைய நிரல் அப்படியே இருந்தது. மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் தரை வழவழப்பான டைல்ஸ். வண்டி மிக வேகமாக ஓடிச் சுவரில் மோதியது. வேகத்தைக் குறைக்க ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றினான், நிரலை மறுபடி ஏற்றினான். இம்முறை கணினி புதிய லைப்ரரியைச் சேர்த்துக் கட்டியது. வண்டி அசையவில்லை. கணினித் திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. ரிமோட்டிடம் நீ கேட்கும் முறை வழக்கொழிந்தது, எதிர்பார்த்தபடி இயங்காமற் போகலாம், புதிய முறையில் கேள் என்பது அதன் கருத்து.

சிறுவன் தளரவில்லை. லைப்ரரியோடு வந்திருந்த மாதிரி நிரலைத் திறந்து, புதிய முறையைப் பார்த்து, தன் வரிகளை மாற்றினான். எச்சரிக்கை நின்றது, வண்டி மட்டும் எந்தப் பொத்தானுக்கும் செவிசாய்க்கவில்லை. பழைய பதிப்பை மீட்கலாம் என்றால் அக்கூடத்தில் இணைப்பு இல்லை. நடுவர்கள் வந்தனர், அசையாத வண்டியைப் பார்த்தனர், கனிவாக ஏதோ சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போயினர்.

என்ன நடந்தது என்பது பின்னரே விளங்கிற்று. ஒவ்வொரு பொத்தானும் 32 குறிகளை அனுப்புகிறது என்றோமல்லவா? பழைய பதிப்பு முதலில் வந்த குறியை உயர்ந்த இடத்தில் வைத்து எண்ணாக்கியது. புதிய பதிப்பு அதனைத் தாழ்ந்த இடத்தில் வைத்து எண்ணாக்குகிறது. தமிழை இடமிருந்து வலமாகவும் எபிரேயத்தை வலமிருந்து இடமாகவும் படிப்பது போல. ரிமோட் அனுப்புவது மாறவில்லை. படிக்கும் திசை மாறிற்று. ஆகவே கிடைக்கும் எண் முற்றிலும் வேறு. சிறுவன் கேட்கும் முறையை மாற்றினானே தவிர, 'இந்த எண் வந்தால் முன்னே செல்' என்ற வரியில் பழைய எண்ணே இருந்தது. அந்த எண் இனி வரப்போவதே இல்லை.

இதில் லைப்ரரியைப் பேணுவோர்மேல் குறை சொல்ல முடியாது. தாங்கள் செய்த மாற்றத்தையும், பழைய நிரலை எவ்வாறு திருத்துவது என்பதையும் அவர்கள் விளக்கமாக எழுதியே வைத்திருக்கின்றனர். படிக்காதவர் நாம். பங்கில் புதிதாக வரும் குரு திருப்பலி நேரத்தை ஆறிலிருந்து ஐந்தரைக்கு மாற்றி அறிவிப்புப் பலகையிலும் எழுதிவிடுகிறார். பலகையைப் பாராத பாட்டி ஆறு மணிக்கு வந்து, நற்கருணை முடிந்து மக்கள் கலைவதைக் காண்கிறார். தவறு யாருடையது என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட இயலுமா? நாமே அவ்வாறு நேரம் மாற்றியவராதலால் இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை.

கண்காட்சியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் அச்சிறுவனோடு பேசவில்லை. கடைசி நேரத்தில் எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டான் என்பது அவர்கள் முடிவு. ஆசிரியர்களும் அவ்வாறே எண்ணினர். தலைமையாசிரியர் நம்மிடம் கேட்டபோது, "பையன் ஏதோ மாற்றியிருக்கிறான் போலும்" என்று நாமும் சொன்னோம். அப்போது நமக்கு முந்தின நாள் மாலை நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பாதி உண்மைதான். வந்தது, பொருட்படுத்தவில்லை. ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் வண்டி நிற்பதற்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டோம்.

அதன் பின் அவன் மன்றத்துக்கு வரவில்லை. இரண்டு ஞாயிறு பீடத்திற்கும் வரவில்லை. தாய் வந்து கேட்டார்: "சாமி, அவன் வீட்டிலும் சரியாகப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன தப்புச் செய்தான்?" அந்த அம்மாளுக்கு நம்மால் விடை சொல்ல முடியவில்லை.

மன்றத்தைக் கவனிக்கும் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரிதான் முடிச்சை அவிழ்த்தவர். லைப்ரரியின் மாற்றக் குறிப்புகளை அச்செடுத்து, ஒரு வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு நம் மேசைமேல் வைத்தார். "சாமி, இந்தப் பதிப்பு முந்தின நாள் மாலை வந்திருக்கிறது. அந்த நேரம் கணினி உங்கள் அறையில் அல்லவா இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அச்சிறுவனைத் தாயோடு வரவழைத்து, மன்றத்துப் பிள்ளைகள் அனைவர் முன்னும், அழுத்தச் சொன்னவர் நாமே, பிழை நம்முடையதே என்று சொன்னோம். தலைமையாசிரியரிடமும் சொன்னோம். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் நமக்கு, அன்று அந்த மூன்று வாக்கியம் எளிதாக வரவில்லை. பிள்ளைகள் சற்று நேரம் மௌனமாயிருந்தனர். பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: "அப்படியென்றால் வண்டி கெட்டுப் போகவில்லையா, சாமி?" அவ்வளவுதான். எல்லாரும் வண்டியைச் சுற்றிக் குனிந்துகொண்டனர்.

ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, பலகை எந்த எண்ணைப் பெறுகிறது என்று திரையில் பார்த்து எழுதினார்கள். முன், பின், இடம், வலம், நில் என ஐந்து பொத்தான், ஐந்து எண். ஐந்து வரிகளை மாற்றியதும் வண்டி ஓடியது. கால்மணி நேர வேலை. கண்காட்சியன்று அச்சிறுவன் செய்த திருத்தமும் சரியே; அவன் நின்றது இந்த ஒரு படிக்கு முன்னால்தான்.

இதன் பிறகு, மற்ற நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இச்சிக்கலை எவ்வாறு சமாளிக்கின்றனர் என்று தேடிப் படித்தோம். அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989இல் நிறுவிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவருக்கான ரோபோ போட்டியை 1992இல் தொடங்கிற்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களோடு நடந்தது அம்முதற் போட்டி. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான குழுக்கள் அதில் பங்குகொள்கின்றன. அவர்களுடைய ரோபோக்கள் நம் வண்டி போன்ற விளையாட்டுப் பொருளல்ல. ஒரு மனிதன் தனியே எளிதில் தூக்க முடியாத எடை உடையவை. நிரலுக்கு அடித்தளம், மாசசூசெட்ஸில் உள்ள ஊஸ்டர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தில் பிறந்த டபிள்யூ.பி.ஐ.லிப் என்னும் லைப்ரரி. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவிகளைச் செய்யும் கம்பெனிகளோ தத்தம் லைப்ரரியைத் தனியே வெளியிடுகின்றன. அவற்றை மாணவர்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்கும் முறையில்தான் நமக்குப் பாடம் இருந்தது. அங்கு லைப்ரரி கணினியின் பொது அடைவைச் சார்ந்து நிற்பதில்லை. ஒவ்வொரு ரோபோவின் நிரலோடும், இன்ன லைப்ரரி, இன்ன பதிப்பு, இன்ன இடத்திலிருந்து பெறுக என்று எழுதிய சிறு கோப்பு ஒன்று கூடவே இருக்கிறது. அந்நிரலை எந்தக் கணினியில் திறந்தாலும் அதே பதிப்புத்தான் வரும். ஒருவர் தம் கணினியில் செய்யும் மாற்றம் மற்றவர் நிரலைத் தொடாது. ஜனவரி தோறும் புதிய விளையாட்டு அறிவிக்கப்படும்போது அடித்தள லைப்ரரியும் புதுப்பிக்கப்படும். சென்ற ஆண்டின் கம்பெனி லைப்ரரிகள் இவ்வாண்டுக்குப் பொருந்தா. எனவே அவை அனைத்தையும் பருவத் தொடக்கத்தில் ஒருசேர மாற்றுகின்றனர். கருவிகளுக்குள் குடியிருக்கும் மென்பொருளையும் அதற்கு ஒத்த பதிப்புக்குக் கொண்டுவருகின்றனர். மேலும், புதிய லைப்ரரியைச் சேர்த்தவுடன் இணைப்பு இருக்கும்போதே ஒருமுறை நிரலைக் கட்டிப் பார்த்துவிடும்படி மாணவருக்குச் சொல்லப்படுகிறது. வேண்டியவை அப்போதே இறங்கிக் கணினியில் தங்கிவிடும். ரோபோவின் கம்பியில்லா இணைப்பில் நிற்கும்போது இண்டர்நெட் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் இணைப்பு இருக்காது என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நம் மன்றத்திற்கு அவ்வளவு வசதி இல்லை. ஆயினும் செய்யக்கூடியதைச் செய்தோம். ஆண்டுத் தொடக்கத்தில் லைப்ரரிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பது, ஒன்றைப் புதுப்பித்தவுடன் வண்டியை ஓட்டிப் பார்ப்பது, பிறகே அடுத்ததைத் தொடுவது. எல்லாம் சரியாக ஓடும் நாளில் அந்தப் பொது அடைவை முழுமையாக இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்து, ஒன்றை அருட்சகோதரியிடமும் ஒன்றை வண்டிப் பெட்டியிலும் வைப்பது. பலமாரியின் கதவில், அதாவது கார்லோ அகுதிஸ் படத்திற்குக் கீழே, லைப்ரரியின் பெயரும் பதிப்பு எண்ணும் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. தாமே கணினி நிரல் கற்று, பதினைந்து வயதில் மறைந்து, 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட அவ்விளைஞரின் படத்தை ஒட்டியவர்கள் பிள்ளைகள்தாம்.

அத்தாளில் பதிப்பு எண்ணோடு வேறு குறிப்புகளும் சேர்ந்து வருகின்றன. சென்ற ஆண்டு இரு சிறுமியர் வண்டிக்கு ஒரு கை பொருத்தி, அதை அசைக்க செர்வோ லைப்ரரியைச் சேர்த்தனர். கை அசைந்தது, இடச் சக்கரத்தின் வேகக் கட்டுப்பாடு போயிற்று. மோட்டார் பழுது என்று புதியது வாங்கிப் பொருத்தியும் பயனில்லை. ஊனோ பலகைக்குள் காலத்தை அளக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்றைச் செர்வோ லைப்ரரி தனக்கென எடுத்துக்கொள்கிறது. அதே உறுப்பை நம்பித்தான் 9, 10 என்ற எண்ணுள்ள பின்கள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. கோயில் மணியின் ஒரே கயிற்றை இருவர் பிடித்த கதை. மோட்டாரை வேறு பின்னுக்கு மாற்றியதும் சரியாயிற்று. மோட்டாருக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. அந்தக் கணக்கைப் பங்குப் பேரவையில் நாம் சொல்ல நேர்ந்தது.

பெற்றோருக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். லைப்ரரி மேனேஜரில் இல்லாத சிலவற்றை ஜிப் கோப்பாக இறக்கி நிறுவவும் வழி உண்டு. எழுதியவர் யார் என்று தெரியாத இடத்திலிருந்து வரும் கோப்பைக் குடும்பக் கணக்கு வழக்கு உள்ள கணினியில் திறக்க விடாதீர்கள். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் பிரதி உள்ள நம் அலுவலகக் கணினியில் ரோபோ வேலை எதுவும் இனிக் கூடாது என்று நாமே நமக்குத் தடை விதித்துக்கொண்டோம்.

அச்சிறுவன் இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கிறான். பீடத்திற்கு வருகிறான், இளையவர்களுக்கு நிரல் சொல்லிக் கொடுப்பவனும் அவனே. சென்ற வாரம் மாலையில் அதே மடிக்கணினியோடு வந்து வாசலில் நின்றான்.

"சாமி, ஐந்து லைப்ரரிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள்."

என்ன செய்யலாம் என்று இம்முறை நாம் அவனைக் கேட்டோம்.

"கிடக்கட்டும், சாமி. பத்தாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, கணினியை மூடிவிட்டு மணியடிக்கப் போனான்.